இடது தோளில் வைத்துத் தைத்தது

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், இட்லிக்கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவே, ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்தால் தையல் மெஷின் சத்தம் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் முத்துப்பேச்சியின் வாசலில் விடும். வீடும் அதுதான், கடையும் அதுதான். முன்னால் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு திரை, திரைக்கு அப்பால் சமையலும் படுக்கையும்.

ஏழைத் தையல்காரிதான். ஆனால் மாட்டுங்காவிலிருந்து மாமிகள் டாக்ஸி பிடித்து வந்து ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கை அவளுக்கு. அளவெடுக்கும்போது மட்டும் அவள் வாய் திறக்க மாட்டாள். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருத்திக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். ஒருத்திக்கு இடுப்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கும். இஞ்சி டேப் அதையெல்லாம் சொல்லிவிடும். முத்துப்பேச்சி சொல்ல மாட்டாள். தொழில் தொடங்கின புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணிடம், "ஒரு தோள் எறக்கமா இருக்கு தாயி" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்று அழுத அழுகையை அவளால் மறக்க முடியவில்லை. அன்று முதல் இதுதான் வழக்கம்: பார்த்ததை வாயால் சொல்லாதே, துணியால் மூடு. இறங்கிய தோளுக்குள் மெல்லிசாக ஒரு பேட். தூக்கிய இடுப்புக்குத் தையலில் கொஞ்சம் தாராளம். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறவளுக்குத் தன் உடம்பு நேராகத் தெரியும். ஏன் என்று தெரியாது, சந்தோஷமாகப் போய்விடுவாள்.

"என்னமோ மாயம் பண்றேடி பேச்சி," என்பார் மாட்டுங்கா அபயாம்பாள் மாமி. "இந்த ரவிக்கையைப் போட்டுண்டு வெளில வந்தா, எங்காத்து மாமா யாரோ விருந்தாளின்னு எழுந்து நிக்கறார்!"

"மாமாவுக்குக் கண்ணாடி மாத்தணும் மாமி," என்று முத்துப்பேச்சி சிரிப்பாள். உள்ளுக்குள் பெருமை பொங்கும்.

அந்தப் பெருமைதான் அவள் குடியைக் கெடுத்தது.

அவளுக்கு ஒரே மகள், ஷாலினி. ஆறாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதம் அது. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு மகளை நிறுத்தி அளவெடுத்தாள் தாய். டேப்பைக் கழுத்தடியில் வைத்து இடது தோளுக்கு இழுத்தாள். பிறகு வலது தோளுக்கு. கை நின்றது.

"ஏட்டி, நேரா நில்லு."

"நேராத்தாம்மா நிக்கேன்."

"எங்கன நேரா நிக்க? எடது தோளு தொங்குது பாரு. பேக்க ஒத்தத் தோள்ல மாட்டி ஆட்டிக்கிட்டு வாரியே, அதான். நிமிருட்டி!"

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தோள் ஏறவில்லை. வெட்டு மேஜைமேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து முதுகில் ஒன்று வைத்தாள் முத்துப்பேச்சி. பெரிய அடியில்லை. ஆனால் அடிதான்.

அவள் மனதில் அப்போது ஓடியது ஸ்கூல் பேக் அல்ல. அம்பர்நாத்தில் அவள் கணவன் இசக்கிப்பாண்டிக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி இருக்கிறாள். வளைந்த முதுகு. வயது போய்விட்டது, மாலை விழவில்லை. குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் அவளை அடுப்பங்கரையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். 'ஐயோ, ஏன் பிள்ளைக்கா அது?' என்று நெஞ்சுக்குள் ஒரு கத்தி இறங்கியது. இறங்கிய கத்தியை அவள் பிடுங்கிப் பார்க்கவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அந்த வருஷத்துச் சீருடையில், கமீஸின் இடது தோளுக்குள் ஒரு மடிப்பு கேன்வாஸ் துணியை வைத்துத் தைத்தாள். வலது பக்கம் முதுகுப் பலகை லேசாகத் துருத்தியது. அங்கே கொஞ்சம் தாராளம் விட்டாள். ஷாலினி போட்டுக்கொண்டு நின்றாள். நூல் பிடித்த மாதிரி இருந்தாள்.

ஏழாம் வகுப்பில் ஒரு மடிப்பு போதவில்லை. பழையதைப் பிரித்தெடுத்து, அதோடு இரண்டாவதை வைத்தாள். எட்டாம் வகுப்பில் மூன்று. ஒவ்வொரு ஜூனிலும் மகளை நிறுத்துவாள், நேராக நில்லு என்பாள், ஸ்கேலால் முதுகைத் தட்டுவாள், பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கேன்வாஸ் வெட்டுவாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவன் தோல் பட்டறையில் பை தைத்துவிட்டு வந்து, சோற்றைத் தின்றுவிட்டுச் சுருண்டுகொள்கிறவன். கேட்டதுமில்லை.

ரெடிமேட் துணி மகளுக்கு வாங்கியதே கிடையாது. "எல்லாரும் டி-ஷர்ட் ஜீன்ஸ் போடுதாளுவம்மா, எனக்கும் ஒண்ணு லே லோ ந," என்று ஷாலினி கெஞ்சுவாள்.

"ரெடிமேட்லாம் ரெண்டு தண்ணிக்கு நிக்காதுட்டி. வீட்டுல மெஷின வச்சுக்கிட்டு வெளிய வாங்குனா நாலு பேரு சிரிப்பாவ."

அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் பட்டுப்பாவாடையில் அவள் நடந்து வந்தால், சந்துப் பெண்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். "பேச்சி மவள பாருங்கட்டி, அளந்து வச்ச மாதிரில்லா நிக்கா!" முத்துப்பேச்சி சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் யோகா நாளுக்கென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை டி-ஷர்ட் கொடுத்தார்கள். கடையில் தைத்தது. பேட் இல்லாதது. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று, முட்டியை மடக்காமல் குனிந்து, கால் விரலைத் தொட்டார்கள். உடற்பயிற்சி டீச்சர் மானசா பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தாள். செம்பூர்ப் பெண், சின்ன வயசு. வரிசையில் எல்லா முதுகும் பலகை போல் இருக்க, ஒரு முதுகில் மட்டும் வலது பக்கம் மேடாக எழும்பி நின்றது. ஷாலினியின் முதுகு.

மறுநாள் முத்துப்பேச்சியைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கப்படாது," என்று மானசா தயங்கித் தயங்கித் தொடங்கினாள். "ஷாலினி குனிஞ்சப்போ முதுகு ஒரு பக்கம் தூக்கிண்டு தெரிஞ்சுது. முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சிருக்கலாம்னு தோண்றது. வளர்ற வயசுப் பொண்களுக்கு வரும். ஒரு தடவை எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்கோ."

மூன்று வருஷமாக மூடி வைத்ததை முகத்துக்கு நேரே திறந்து காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"என்ன டீச்சர் பேசுதீய? நான் தையக்காரி. ஊரு ஒடம்பையெல்லாம் அளக்கவ. ஏன் புள்ளைக்கு வளைஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? இந்தா நிக்காள்லா, பாருங்க! எங்கன கோணியிருக்கு?"

ஷாலினி சீருடையில் நின்றாள். இரண்டு தோளும் ஒரே மட்டம். மானசா பார்த்தாள், குழம்பினாள். ஆனாலும் விடவில்லை.

"இப்போ நேராத்தான் தெரியறது. ஆனா குனிஞ்சப்போ நான் பார்த்தேன்மா. என் கண் பொய் சொல்லலை. பிளீஸ்."

ஷாலினி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 'இப்போ என்னம்மா செய்ய?' என்று கேட்கிற, கூட்டாளியின் பார்வை. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தோளுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு வாசலில் ஜனம் நெரிந்தது. உள்ளே ஒரு இளம் டாக்டர். பெயர் உமைரா. முத்துப்பேச்சி ஹிந்தியில் தடுமாறுவதைக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க. எங்க உம்மாவுக்கு மேலப்பாளையம்," என்றாள். பிறகு சீருடையில் நின்ற ஷாலினியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேராத்தானே நிக்கிறா. யாரு அனுப்புனா?"

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த நிமிஷம் முத்துப்பேச்சியின் நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டரையே ஏமாற்றிவிட்டது அவள் தையல்! அற்பப் பெருமை. எச்சில் விழுங்குவதற்குள் அது செத்தது.

"டிரெஸ்ஸக் கழட்டிட்டு இந்த கவுனப் போட்டுக்கோ. முதுகுப் பக்கம் தெறந்திருக்கணும்," என்றாள் டாக்டர். "துணிக்கு மேல பாத்து இத எப்பவும் சொல்ல முடியாது."

திரைக்குப் பின்னால் போய் ஷாலினி கமீஸைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். முத்துப்பேச்சி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் தானாக இடது தோளைத் தடவியது. மூன்று மடிப்பும் கைக்குத் தட்டுப்பட்டது.

டாக்டர் ஷாலினியைச் செருப்பில்லாமல், காலைச் சேர்த்து நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தாள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். இடது தோள் இறக்கம். வலது முதுகுப் பலகை வெளியே வந்திருக்கிறது. இடுப்புக்கும் தொங்கும் கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வலது பக்கம் குறைவு, இடது பக்கம் அதிகம். பிறகு நுனியில் கனம் கட்டிய ஒரு நூலைப் பிடரியில் வைத்துத் தொங்கவிட்டாள். நேராக நிற்கும் உடம்பில் அது புட்டத்தின் நடுப்பள்ளத்துக்கு நேரே விழ வேண்டுமாம். ஷாலினிக்கு அது விலகி விழுந்தது.

முத்துப்பேச்சி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுகூடப் புதிதில்லை. டாக்டர் இப்போது சொல்வதையெல்லாம் அவள் டேப் அவளிடம் மூன்று ஜூன் மாதங்களில் சொல்லியிருந்தது. டாக்டர் அதை வாயால் சொல்கிறாள். அவள் துணியால் மூடினாள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் அவள் பிள்ளையின் முதுகெலும்பு கிடந்தது.

"இப்ப ரெண்டு கையையும் சேத்து வச்சுக்கிட்டு, முட்டி மடக்காமக் குனி. மெதுவா."

ஷாலினி குனிந்தாள். வலது பக்க விலா மேடாக எழும்பியது. டாக்டர் ஒரு சின்னக் கருவியை அந்த முதுகின் குறுக்கே வைத்தாள். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு. கொத்தனார் ரசமட்டத்தின் தங்கச்சி மாதிரி இருந்தது. குண்டு நடுவில் நிற்கவில்லை, ஓரத்துக்கு உருண்டது.

"எக்ஸ்ரே எடுக்கணும்."

அதோடு விடவில்லை. இரண்டு காலும் ஒரே நீளமா என்று அளந்தாள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினாள். வயிற்றில் ஒரு குச்சியால் கோடு இழுத்து, சதை துடிக்கிறதா என்று பார்த்தாள். தோலில் மச்சம், மயிர்க்கற்றை ஏதும் உண்டா என்று தேடினாள். ராத்திரி வலி உண்டா, கால் மரத்துப் போகிறதா, வயசுக்கு வந்து எவ்வளவு நாளாகிறது, இந்த வருஷம் எவ்வளவு உயரம் வளர்ந்தாள் என்று கேட்டாள். ஷாலினி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

எக்ஸ்ரே வந்தது. பிடரியிலிருந்து இடுப்பு வரை, நிற்க வைத்து எடுத்த படம். கம்ப்யூட்டர் திரையில் அதைப் பார்த்ததும் முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் எலும்பு, அவள் வயிற்றில் ஊறிய எலும்பு, நெளிந்து கிடந்தது.

டாக்டர் வளைவின் மேலே அதிகமாகச் சாய்ந்த எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு போட்டாள். கீழே அதிகமாகச் சாய்ந்த எலும்பின் அடிவிளிம்பில் இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் கோணத்தைத் திரை காட்டியது.

"முப்பத்திநாலு டிகிரி. பத்துக்குக் கீழ இருந்தா நாங்க இத வளைவுன்னே சொல்ல மாட்டோம். இருபத்தஞ்சுக்குக் கீழன்னா அப்பப்ப வரச்சொல்லிப் பாத்துக்கிட்டே இருப்போம். அதுக்கு மேல, எலும்பு இன்னும் வளர்ற பிள்ளையா இருந்தா பிரேஸ்னு ஒரு முதுகுக் கவசம் போடணும். ரொம்ப ஏறிட்டா ஆபரேஷன்." இடுப்பெலும்பின் விளிம்பைச் சுட்டிக் காட்டினாள். "இவளுக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கு." பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தாயைப் பார்த்தாள். "நீங்க எப்ப மொதல்ல கவனிச்சீங்க?"

முத்துப்பேச்சியின் மடியில் கமீஸ் கனத்தது.

"இப்பத்தான் டாக்டர். ஒரு... ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா? அதுக்கு முன்னாடி நேரா இருந்தாளா?"

"நேராத்தான் இருந்தா."

"குடும்பத்துல யாருக்காவது இப்படி முதுகு வளைவு உண்டா?"

அம்பர்நாத் அடுப்பங்கரை கண்ணில் வந்தது. "இல்ல டாக்டர்."

டாக்டர் உமைராவின் முகம் மாறியது. பேனாவை எடுத்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இந்த வயசுப் பொண்ணுகளுக்கு வர்ற சாதாரண வளைவு மெதுவாத்தான் ஏறும். ரெண்டு மாசத்துல நேரா இருந்தது இவ்வளவு வளைஞ்சிருக்குன்னா, வேற ஏதோ காரணம் இருக்கலாம். தண்டுவடத்துல நீர் கோத்திருக்கா, கட்டி ஏதும் இருக்கான்னு பாக்கணும். எம்.ஆர்.ஐ. அவசரமா எழுதுறேன். நரம்பு டாக்டரும் பாக்கணும். பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போட முடியாது."

கட்டி! இல்லாத நோய் ஒன்றைத் தன் பொய் பிள்ளையின் முதுகுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பது முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. சொல்லிவிட வேண்டும். சொன்னால் இந்த டாக்டர் என்ன நினைப்பாள்? பெற்ற தாயா இவள் என்று பார்ப்பாளே! அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது?

டாக்டர் ஷாலினியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. உனக்கு எப்பத் தெரியும்? ஸ்கூல்ல முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?"

ஷாலினி கவுனை முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டி என்ற சொல் அவளுக்கும் கேட்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, நிதானமாகச் சொன்னாள்:

"ஆமா டாக்டர். ரெண்டு மாசம்தான். மம்மிக்கு முன்னாடி தெரியாது. மம்மி மேல தப்பில்ல."

இதற்கு மேலும் ஒரு தாய் சும்மா உட்கார்ந்திருப்பாளா? தான் செத்துப் போவோமோ என்ற பயத்திலும் அந்தப் பிள்ளை அம்மாவின் மானத்தை மூடப் பார்க்கிறது. மூடுவதற்கு அதற்கு யார் கற்றுக் கொடுத்தது?

"பொய் சொல்லுதா டாக்டர்!" முத்துப்பேச்சியின் குரல் அறையைத் தாண்டி வெளியே போனது. "எனக்காண்டிப் பொய் சொல்லுதா!"

தையல்காரியின் கைப்பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் கிடக்கும். அதை எடுத்தாள். கமீஸை டாக்டரின் மேஜைமேல் விரித்தாள். இடது தோள் தையலில் கத்தரி நுனியை நுழைத்து இழுத்தாள். அவளே அடித்த தையல், நெருக்கமான தையல், பிரிய மறுத்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே விரலை விட்டு கேன்வாஸை வெளியே இழுத்துப் போட்டாள்.

"இந்தா பாருங்க. இது ஆறாங்கிளாசுல வச்சது. இது ஏழாங்கிளாசுல. இது இந்த வருசம். வருசா வருசம் ஒண்ணு ஒண்ணா வச்சேன் டாக்டர். தெரிஞ்சேதான் வச்சேன். இவ அப்பாவோட பெரியம்மா மவ ஒருத்தி இப்படித்தான் இருக்கா, அம்பர்நாத்துல. அதையும் மறச்சேன். ஊரு சிரிக்கும்னு மறச்சேன். புள்ளைய நேரா நில்லு நேரா நில்லுன்னு அடிச்சேன். நான்லாம் ஒரு தாயா டாக்டர்? நான்லாம் ஒரு தாயா?"

கதவருகே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். முத்துப்பேச்சி யாரையும் பார்க்கவில்லை. தலை மேஜையில் கவிழ்ந்தது.

டாக்டர் உமைரா அந்த மூன்று துண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத வச்சு எத்தன டிகிரின்னு சொல்ல முடியாது," என்றாள் கடைசியில். "ஆனா இது மூணு வருஷமா மெதுவா ஏறியிருக்குன்னு தெரியுது. அதுதான் எனக்கு வேணும். வலி இல்ல, நரம்பெல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது, வளைவும் வலது பக்கம். இந்த வயசுக்கு வழக்கமா வர்றது இதுதான். குடும்பத்துலயும் இருக்கு." எம்.ஆர்.ஐ. எழுதிய தாளைக் கிழித்தாள். "இப்ப இது தேவையில்ல."

"நான் பேடு வச்சதாலயா டாக்டர் வளைஞ்சுது?"

"இல்லம்மா. பேடால வளையல. பேக்க ஒரு தோள்ல மாட்டுறதாலயும் இது வராது. நிக்கிற விதத்தாலயும் வராது. ஏன் வருதுன்னே முழுசாத் தெரியாது. யாரும் பண்ணுனது இல்ல."

முத்துப்பேச்சி தலையைத் தூக்கினாள். ஆறுதல் முழுவதுமாக வருவதற்குள் டாக்டர் மீதியையும் சொன்னாள். அவள் உண்மையைச் சொல்கிற சாதி.

"ஆனா மொத வருஷமே வந்திருந்தா சின்ன வளைவாப் பிடிச்சிருக்கலாம். இப்ப பிரேஸ் போடணும். நாள்ல முக்கால்வாசி நேரம். வளர்ச்சி நிக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஏறாம நிக்கும்னு நம்புவோம். உறுதி கொடுக்க முடியாது."

அப்போதுதான் ஷாலினி அழுதாள். அதுவரை அழாத பிள்ளை, கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"நான் நேராத்தாம்மா நின்னேன். அப்பவும் சொன்னேன்லா. நேராத்தான் நின்னேன்."

முத்துப்பேச்சிக்கு அந்த மர ஸ்கேலின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஜூனும் கேட்டது.

திரும்பி வரும்போது ஷாலினி, தோள் பிரிந்து தொங்கும் கமீஸோடு, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடந்தாள். இடது தோள் இறங்கித்தான் இருந்தது. சந்துப் பெண்கள் பார்த்தார்கள். முத்துப்பேச்சி தலை குனிந்து நடந்தாள். மகள் குனியவில்லை.

சாயங்காலம் இசக்கிப்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தன் கையில் ஒட்டியிருந்த பட்டறை நாற்றத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேட்டி," என்றான். "அக்காவப் பத்தி நாங்கல்லாம் வாயப் பொத்திக்கிட்டு இருந்ததப் பாத்துத்தான நீயும் பொத்திக்கிட்ட." எழுந்து போய் அம்பர்நாத்துக்குப் போன் போட்டான். "நல்லா இருக்கியாக்கா?" என்று மட்டும் கேட்டான். அப்படி அவன் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பிரேஸ் வந்தது. அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை, கெட்டிப் பிளாஸ்டிக்கில், பின்னால் பட்டைகள். அதற்கு மேலே போட்டுக்கொள்ளத் தளர்வான சீருடை வேண்டும். முத்துப்பேச்சி துணியை எடுத்தாள், மெஷினில் உட்கார்ந்தாள். கை வேலை செய்யவில்லை. ஊசியைப் பார்த்தாலே கூசியது. மாட்டுங்கா மாமிகளின் ரவிக்கைகள் எல்லாம் மூட்டையாக மூலையில் கிடந்தன. கடைசியில் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச் சந்து டெய்லர் ஜஹாங்கீர் மாஸ்டரிடம் போனாள்.

"என்ன பேச்சி பெஹன்," என்று அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன் மெஷின் செத்துப் போச்சா? இல்ல, மாஸ்டர் தொழில் கத்துக்கிட்டானான்னு பரீட்சையா?"

"நீங்களே தச்சுக் குடுங்க பாய். எங்கிட்டக் கேக்காதீங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஷாலினி உள்ளே வந்தாள். சட்டைக்குள் பிரேஸ் இருந்ததால் நடை மரம் போலிருந்தது. கையில் அதே துணிச் சுருள்.

"எதுக்கும்மா அவருகிட்டக் குடுத்த? நான் போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

"நான் தைக்க மாட்டேன் ஷாலு. ஏன் கை சரியில்ல."

"அப்ப நான் என்னத்தப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன்? ஏற்கனவே ரோபோ ரோபோங்காளுவ." கோபத்தில் மூக்கு சிவந்தது. "அவரு என்னைய அளந்தா எனக்குக் கூச்சமா இருக்காதா? நீதான் தைக்கணும். அவ்வளவுதான்."

ஷாலினி தானே இஞ்சி டேப்பை ஆணியிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் திணித்தாள். மெஷினுக்கு முன்னால், எப்போதும் நிற்கும் இடத்தில் போய், முதுகைக் காட்டி நின்றாள்.

முத்துப்பேச்சி எழுந்தாள். டேப்பைக் கழுத்தடியில் வைத்தாள். பிரேஸின் விளிம்பு அவள் உள்ளங்கையில் குத்தியது. அது குத்தட்டும் என்று அழுத்திக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மூடுவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக அந்த முதுகைப் பார்த்தாள். கண்ணீரில் டேப்பின் எண்கள் கலங்கின.

ஷாலினி பழக்கத்தில் மூச்சைப் பிடித்தாள். தோளை ஏற்றப் பார்த்தாள். பிரேஸ் விடவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"நேரா நிக்கணுமாம்மா?"

ஸ்கேல் மேஜைமேல்தான் கிடந்தது. முத்துப்பேச்சி அதை எடுத்து மேஜைக்குக் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் தள்ளினாள்.

"வேண்டாம் தாயி," என்றாள். "நீ எப்படி நிக்கியோ அப்படியே நில்லு. அம்மா அளந்துக்கிடுதேன்."